கோஸ்தான்

லோரோங் கூலிட் பழைய சாமான் சந்தையில்
ஞாயிறு காலை ஏழரைக்கு
மூன்று ஹெட்செட், நாற்பத்தைந்து ரிங்கிட்.
டாங்கிக்குள் இருந்தவை என்றார் விற்ற ஆ லியோங்.
எந்த டாங்கி, யாருடைய சண்டை என்றேன்.
பக்கத்தில் கிடந்த ரைஸ் குக்கரின் விலையைச் சொன்னார்.

காதுப்பஞ்சு கறுப்பு மாவாய் உதிர்ந்தது.
ஒன்றின் தலைப்பட்டையில், உட்புறம்,
மார்க்கர் பேனாவில் மலாயில் யாரோ எழுதியிருந்தான்:
இடது காது மெது.
சோதித்தேன். மெதுதான்.
இத்தனை வருஷமாய் அந்தப் புகாரை
யாரும் கையில் எடுக்கவில்லை.

எனக்கு வேலை பாயான் லெப்பாஸில், இரவு ஷிப்ட்,
நுண்ணோக்கியின் கீழ் குருணை அளவு சில்லுகள்.
இது வேறு. சமையல் மேசையில் ஈயம் புகைய
பத்து முள் வைத்த தடித்த பிளக்.
இன்றைய எந்த வாயும் அதை ஏற்காது.
அறுத்தேன்.
உள்ளே ஐந்து நிறக் கம்பி, வரைபடம் இல்லை.
மீட்டர் முனையால் தொட்டுத் தொட்டு
நீ யார் வீட்டுப் பிள்ளை என்று
ஒவ்வொன்றாய் விசாரித்தேன்.

மைக்குக்குத்தான் மூன்று இரவு போயிற்று.
அதன் குரல் சன்னம்.
புது இன்டர்காம் பெட்டிக்கோ காது மந்தம்.
நடுவில் தீப்பெட்டி அளவில் ஒரு பெருக்கி வைத்தபின்
பேச்சுவார்த்தைக்கு வந்தார்கள்.

அந்த மைக்குக்கு முன்னும் பின்னும் துளை.
இரண்டு பக்கமும் சமமாய் நுழையும் இரைச்சல்
தன்னைத் தானே தின்றுவிடும்,
உதட்டை ஒட்டிச் சொன்னது மட்டும் மிஞ்சும்.
இதை யோசித்தவன்
கூட்டுக் குடும்பத்தில் வளர்ந்திருக்க வேண்டும்.

எல்லாம் தவநேசன் ஓட்டும் குப்பை லோரிக்காக.
என் நாத்தனார் கணவர்.
பின்படியில் தொங்குவது சந்திரகாசனும் ஹஸ்னுலும்.
ஜார்ஜ்டவுன் சந்துகளில் விடியற்காலை மூன்று மணிக்கு
அவர்கள் பாஷை உள்ளங்கை.
தகரத்தில் ஒரு தட்டு, நில்.
இரண்டு, போ.
மூன்று, கோஸ்தான்.
பின்னால் எடு என்பதற்கு இந்த ஊரில்
தமிழன், சீனன், மலாய்க்காரன்
எல்லாருக்கும் அந்த ஒரு சொல்தான்.
கப்பல்காரர்கள் விட்டுப்போனது என்பார்கள்.

போன நவம்பர், அடைமழை.
அமுக்கும் இயந்திரம் உறுமிக்கொண்டிருந்தபோது
யாரோ ஒரு தட்டு தட்டினார்கள்.
அது மழைக்குள் போய்விட்டது.
அதுவரை ஹஸ்னுலின் இடத்தில் நின்ற பைசூல்
இப்போது தெலுக் பகாங்கில்
உட்கார்ந்தே டுரியான் விற்கிறான்.
"லீலாமணி, ஏதாவது செய்ய முடியுமா பாரு."
அதற்குமேல் தவநேசன் அதைப் பேசியதில்லை.

முதல் இரவு நானும் ஏறிக்கொண்டேன்.
காதுக்குள் இரண்டு ஆண்கள் மூச்சு வாங்கினார்கள்.
சந்திரகாசனிடம் தொட்டிக்கு ஒரு வசவு இருந்தது,
ஒன்று மறுமுறை வரவில்லை.
ஹஸ்னுல் எண்ணிக்கொண்டே இருந்தான்,
தொட்டிகளை என்று நினைத்தேன்.
மோட்டார் சைக்கிள் கடனில் மிச்ச மாதங்களை.

"மூச்சுச் சத்தம் தொல்லை," என்றேன்.
"ஒரு ரெசிஸ்டர் மாற்றினால் போதும்,
பேசினால் மட்டும் திறக்கும்."

தவநேசன் பக்கக் கண்ணாடியைப் பார்த்தபடி இருந்தார்.
அதில் துளிகள்தான் இருந்தன.
"வேண்டாம்.
பேசாதப்பதான் அவங்க எங்கனு எனக்குத் தெரியணும்."

கியர் பின்னுக்கு விழுந்தது.
அவர் தலையில் இருந்தது அந்த மார்க்கர் எழுத்துக்காரனுடையது,
சரிசெய்ய நினைத்து மறந்துபோனேன்.
ஒரு மூச்சு. இன்னொரு மூச்சு.
இடது காதில் கொஞ்சம் மெதுவாக.
இரண்டையும் எண்ணியபின்தான்
பிரேக்கிலிருந்து காலை எடுத்தார்.

கோஸ்தான், கோஸ்தான் என்றார் சந்திரகாசன்.
கூடவே தகரத்தில் மூன்று தட்டு, கை சும்மா இருக்காமல்.
ஹஸ்னுல் பத்தொன்பது என்றான்,
யாரிடமும் இல்லாமல்.